சிபிலிஸ் கிருமி உடலில் எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது? – புண் ஆறிய பின்னும் நோய் ஆறாதது ஏன்?

பிறப்புறுப்பில் ஒரு சிறு புண் தோன்றுகிறது. அதில் வலி இல்லை, அரிப்பும் இல்லை. மருந்து எதுவும் எடுக்காமலேயே மூன்று முதல் ஆறு வாரங்களில் அது தானாக மறைந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர், வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட ஒரு தொல்லை தானே தீர்ந்தது என்று நிம்மதி கொள்கிறார். திருவண்ணாமலை மாவட்டத்திலும், தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலும் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருவோரிடம் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் சொற்கள் இவை: “புண் வந்தது, போய்விட்டது.”

புண் போய்விட்டது என்பது உண்மை. நோய் போய்விட்டது என்பது உண்மையன்று. சிபிலிஸ் நோயில் பெருந்தீங்கு விளைவதற்கு இந்த ஒரு தவறான புரிதலே முதற்காரணமாக அமைகிறது. புண் ஆறிய பின்னும் நோய் ஏன் நீடிக்கிறது, கருவில் உள்ள குழந்தையை அது எவ்வாறு சென்றடைகிறது, ஊசி மருந்தை ஏன் உரிய முறையில் போட்டுக்கொள்ள வேண்டும் ஆகிய கேள்விகள் அனைத்துக்கும் விடை ஓரிடத்திலிருந்து தொடங்குகிறது. இக்கிருமி உடலின் திசுக்களை எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதே அந்த இடம்.

சிபிலிஸ் என்பது என்ன?

சிபிலிஸ், டிரெப்போனிமா பாலிடம் என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் பால்வினை நோய். தமிழில் இது மேகப்புண், கிரந்தி, பறங்கிப்புண் எனப் பல பெயர்களால் வழங்கப்பட்டுள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இந்நோய் பெருமளவில் பரவியது. அதையடுத்துப் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின் இந்தியாவில் அறியப்பட்டதால், வெளிநாட்டாரைக் குறிக்கும் ‘பறங்கி’ என்னும் சொல் நோயின் பெயரோடு இணைந்தது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலும் இதனைப் ‘பிரங்க ரோகம்’ என்றே குறிப்பிடுகிறது.

இந்நோய்க்கான கிருமியை 1905-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஷௌடின், எரிக் ஹாஃப்மன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். ஆனால் இந்நோய் இன்றும் பழங்கதையாகிவிடவில்லை. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 80 இலட்சம் பேருக்குப் புதிதாக சிபிலிஸ் தொற்று ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கிருமியின் அமைப்பு

டிரெப்போனிமா பாலிடம் சுருள் வடிவம் கொண்டது. அதன் நீளம் பொதுவாக 6 முதல் 15 மைக்ரோமீட்டர் வரை, தடிமனோ 0.2 மைக்ரோமீட்டர் அளவே. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சாதாரண நுண்ணோக்கியில் இதனைக் காண இயலாது. இருள்புல நுண்ணோக்கி வழியாகப் பார்க்கும்போது, கரும்பின்னணியில் ஒளிரும் நுண்ணிய கம்பிச்சுருள் ஒன்று சுழன்று நகர்வது போலத் தெரியும்.

பல பாக்டீரியாக்களுக்கு நகர்விழைகள் உடலுக்கு வெளியே நீண்டிருக்கும். இக்கிருமிக்கு அவை வெளிச்சவ்வுக்கு உட்புறமாக அமைந்துள்ளன. அவை சுழலும்போது கிருமியின் முழு உடலும் சுழல்கிறது. மரத்தில் திருகாணி இறங்குவது போல, கூழ்மத்தன்மை கொண்ட திசுக்களின் ஊடே அது முன்னேறிச் செல்கிறது.

இக்கிருமிக்கு மேலும் இரண்டு தனித்தன்மைகள் உள்ளன.

முதலாவது, அதன் வெளிப்பரப்பு ஏறக்குறைய வெறுமையானது. நமது நோய் எதிர்ப்பு ஆற்றல் ஒரு கிருமியை அதன் மேற்பரப்பில் உள்ள புரதங்களையும் பிற மூலக்கூறுகளையும் கொண்டே அடையாளம் காண்கிறது. குடலில் வாழும் ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் இவை நிறைந்திருக்கும். சிபிலிஸ் கிருமியின் வெளிச்சவ்வில் புரதங்கள் மிகமிகக் குறைவு. உடலை உடனடியாக உசுப்பிவிடும் லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் அதில் இல்லவே இல்லை. எனவே அது உடலின் காவல் அமைப்பின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

இரண்டாவது, அது தனித்து வாழ இயலாத கிருமி. 1998-ஆம் ஆண்டு அதன் மரபணுத் தொகுப்பு முழுமையாகப் படித்தறியப்பட்டது. அதில் ஏறத்தாழ 11.4 இலட்சம் கார இணைகளே உள்ளன. இது ஈ. கோலையின் மரபணுத் தொகுப்பில் நான்கில் ஒரு பங்கு. கொழுப்பு அமிலங்களையும் பெரும்பாலான அமினோ அமிலங்களையும் தானே உருவாக்கிக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை. தேவையானவற்றை மனித உடலிலிருந்தே பெற்றாக வேண்டும். ஆகவே இக்கிருமிக்கு மனிதத் திசுவைப் பற்றிக்கொள்வது என்பது உயிர்வாழ்வதற்கான அடிப்படைத் தேவையாகும்.

முதல் பிடிப்பு: தோலும் சளிச்சவ்வும்

உடலுறவின்போது பிறப்புறுப்பு, ஆசனவாய், வாய் ஆகிய இடங்களில் உள்ள சளிச்சவ்வு வழியாகவோ, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய தோல் சிராய்ப்புகள் வழியாகவோ கிருமி உடலில் நுழைகிறது. தொற்று உண்டாவதற்கு மிகச் சில கிருமிகளே போதும்.

உள்ளே நுழைந்த கிருமி செய்யும் முதல் வேலை ஒட்டிக்கொள்வதே. வயல்வரப்பில் நடந்து செல்வோரின் வேட்டி ஓரத்திலும் புடவைக் கரையிலும் நாயுருவி விதைகள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பலரும் கண்டிருப்பர். அவ்விதை துணியின் இழைகளில் மாட்டிக்கொள்வதற்கேற்ற முட்களைக் கொண்டிருக்கிறது. அதுபோல, சிபிலிஸ் கிருமியின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்கள், மனிதத் திசுவில் உள்ள குறிப்பிட்ட சில புரதங்களோடு பொருந்திப் பிணைகின்றன. இவை ஒட்டுப்புரதங்கள் எனப்படுகின்றன.

நமது செல்களுக்கு இடையேயான வெளி வெற்றிடமாக இருப்பதில்லை. செல்களை இணைத்துத் தாங்கும் புரதப் பின்னல் ஒன்று அங்கே உள்ளது. ஃபைப்ரோனெக்டின், லாமினின், கொல்லாஜன் ஆகியவை அப்பின்னலின் முக்கிய இழைகள். சிபிலிஸ் கிருமி பற்றிக்கொள்வது இவ்விழைகளைத்தான்.

1970-களில் தொடங்கிய ஆய்வக ஆய்வுகள் இது குறித்துத் தெளிவான உண்மைகளை வெளிப்படுத்தின. வளர்ப்பு செல்களோடு இக்கிருமியைச் சேர்த்தபோது, பெரும்பாலும் அதன் கூர்முனை வழியாகவே அது செல்லோடு ஒட்டியது. உயிருள்ள கிருமிகள் ஒட்டின, உயிரிழந்தவை ஒட்டவில்லை. நோய் உண்டாக்காத பிற டிரெப்போனிமா வகைகள் அவ்வாறு ஒட்டவில்லை. ஒட்டும் திறனும் நோய் உண்டாக்கும் திறனும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை இவ்வேறுபாடு உணர்த்தியது. ஃபைப்ரோனெக்டின் புரதத்தை அது பற்றிக்கொள்கிறது என்பதும் 1980-களில் உறுதிப்பட்டது.

பின்னர் மரபணுத் தகவல்களின் துணையோடு ஒட்டுப்புரதங்கள் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன. அவை எண்களால் குறிக்கப்படுகின்றன. டிபி0155, டிபி0483, டிபி0136 ஆகியவை ஃபைப்ரோனெக்டினோடு பிணைபவை. டிபி0751 லாமினினோடு பிணைவது. ஒரே ஒரு பிடியை நம்பியிராமல் பல பிடிகளைக் கொண்டிருப்பது இக்கிருமியின் வலிமை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பயன்படும் பாதாளக் கரண்டியில் பல கொக்கிகள் இருப்பதன் பயனும் இதுவே: ஒன்று தவறினாலும் மற்றொன்று மாட்டிக்கொள்ளும்.

மேலும், ஃபைப்ரோனெக்டின் போன்ற நமது புரதங்களைத் தன் மேல் போர்த்திக்கொள்வதால், அந்நியக் கிருமி என்று அடையாளம் காணப்படுவதிலிருந்தும் அது ஓரளவு தப்புகிறது எனக் கருதப்படுகிறது.

இரண்டாம் பிடிப்பு: இரத்தக் குழாய்ச் சுவர்

சிபிலிஸ் ஓரிடத்துப் புண்ணாக மட்டும் நின்றுவிடாமல் உடல் முழுவதற்குமான நோயாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

விலங்கு ஆய்வுகளில், தொற்று ஏற்பட்ட சில மணி நேரங்களுக்குள்ளாகவே கிருமிகள் இரத்த ஓட்டத்தில் காணப்பட்டன. அதாவது, வெளியில் புண் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே கிருமி பயணப்பட்டுவிடுகிறது. ஆனால் இரத்தத்தில் மிதந்து செல்வதால் மட்டும் அது ஓர் உறுப்பினுள் குடியேறிவிட முடியாது. விரைந்தோடும் இரத்தத்தின் இழுப்பை எதிர்த்து, குழாயின் உட்சுவரில் அது நிலைகொள்ள வேண்டும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவர் கரையோர மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு கரையேறுவதைப் போன்றது இது.

இப்பணியில் டிபி0751 புரதத்தின் பங்கு குறித்துக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலைன் கேமரான் குழுவினர் விரிவாக ஆய்ந்துள்ளனர். அப்புரதம் இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் உள்ள லாமினின் ஏற்பியோடு பிணைகிறது என்று அவர்கள் கண்டனர். தாமாக ஒட்டும் திறன் குறைந்த வேறொரு சுருள்வடிவப் பாக்டீரியாவினுள் இப்புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தியபோது, அப்பாக்டீரியாவும் இரத்த ஓட்டத்தின் வேகத்தைத் தாங்கிக் குழாய்ச் சுவரில் ஒட்டத் தொடங்கியது. எனினும், இப்புரதம் கிருமியின் மேற்பரப்பில் எந்த அளவுக்கு வெளிப்பட்டு நிற்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற ஒட்டுப்புரதங்களைப் பற்றிய ஆய்வுகளும் தொடர்கின்றன.

சுவரில் ஒட்டிய பின், உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடுக்குகள் வழியே கிருமி தன்னைத் திருகி நுழைத்துக்கொண்டு குழாயைக் கடக்கிறது. வழியில் உள்ள கொல்லாஜன் இழைகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்குமாறு நமது தோல் செல்களையே அது தூண்டுகிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன.

இவ்வாறு அது தோல், நிணநீர்க் கணுக்கள், கண், காது, எலும்பு, கல்லீரல், மூளை, பெருந்தமனி என எவ்வுறுப்பையும் சென்றடையக்கூடும். சிபிலிஸ் பாதித்த உறுப்பு எதுவாயினும், அங்குள்ள சிறு இரத்தக் குழாய்களைச் சூழ்ந்து அழற்சி காணப்படுவது இதனால்தான்.

புண் ஏன் தானாக ஆறுகிறது?

தொற்று ஏற்பட்ட 10 முதல் 90 நாட்களுக்குள், சராசரியாக 21 நாட்களில், கிருமி நுழைந்த இடத்தில் கடினமான விளிம்புடைய வலியற்ற புண் தோன்றுகிறது. அவ்விடத்தில் கிருமிகள் பெருகியதும், எதிர்ப்புச் செல்கள் அங்கே திரள்வதும் சேர்ந்து உண்டாக்கும் விளைவு அது. திரண்ட எதிர்ப்புச் செல்கள் அவ்விடத்தில் உள்ள கிருமிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகின்றன. புண்ணும் ஆறிவிடுகிறது.

ஆனால் அதற்குள் வேறு இடங்களுக்குச் சென்று ஒட்டிக்கொண்ட கிருமிகள் அப்படியே இருக்கின்றன. கதவருகே நின்றவர்களை மட்டும் வெளியேற்றிவிட்டு, வீட்டினுள் புகுந்துவிட்டவர்களைக் கவனிக்காமல் விட்டதற்கு இது ஒப்பானது. அவ்வாறு எஞ்சியவற்றுள், டிபிஆர்-கே என்னும் மேற்பரப்புப் புரதத்தின் ஏழு பகுதிகளை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்ட கிருமிகள், முன்பு உருவான எதிர்ப்பொருள்களின் பிடியிலிருந்து நழுவிவிடுகின்றன.

இதன் பின்னர் நோய் பின்வரும் நிலைகளைக் கடக்கிறது.

• இரண்டாம் நிலை: சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் உடலெங்கும் அரிப்பற்ற தடிப்புகள் தோன்றலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு தோன்றுவது முக்கியமான அடையாளம். காய்ச்சல், நெறிகட்டுதல், வாய்ப்புண், திட்டுத்திட்டாக முடி உதிர்தல் ஆகியவையும் ஏற்படலாம். இவையும் தானாக மறைந்துவிடும்.

• மறைநிலை: எந்த அறிகுறியும் இராது. இரத்தப் பரிசோதனையில் மட்டுமே நோய் தெரியவரும். இந்நிலை பல ஆண்டுகள் நீடிக்கலாம்.

• மூன்றாம் நிலை: சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, ஆண்டுகள் பல கழிந்த பின் இதயம், பெருந்தமனி, நரம்பு மண்டலம், எலும்பு ஆகியவற்றில் கடும் பாதிப்பு ஏற்படலாம்.

மூளை, கண், காது ஆகியவற்றின் பாதிப்பு மூன்றாம் நிலைக்கு மட்டும் உரியதன்று. நோயின் எந்த நிலையிலும் நேரலாம். ஆகவே சிபிலிஸ் உள்ள ஒருவருக்குத் திடீரெனப் பார்வை மங்கினாலோ, செவித்திறன் குறைந்தாலோ உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.

சிபிலிஸ் புண்ணுக்கு இன்னொரு தீங்கும் உண்டு. எச்.ஐ.வி. எந்தச் செல்களைத் தாக்குகிறதோ, அதே வகை எதிர்ப்புச் செல்கள் புண்ணில் திரண்டிருப்பதால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. அதற்கான இரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்டது நமது அண்டை நகரான வேலூரில் உள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில்தான். அதன் பின்னர் பால்வினை நோய்ச் சிகிச்சையும் எச்.ஐ.வி. தடுப்பும் ஒன்றையொன்று சார்ந்த பணிகளாகவே நடைபெற்று வருகின்றன.

மூன்றாம் பிடிப்பு: நஞ்சுக்கொடி

கர்ப்பிணியின் இரத்தத்தில் உள்ள கிருமி நஞ்சுக்கொடியைச் சென்றடைந்து, அதன் வழியாகக் கருவில் உள்ள குழந்தையைத் தாக்குகிறது. இங்கும் ஒட்டிக்கொள்ளுதலே முதற்படி. டிபி0954 என்னும் புரதம் நஞ்சுக்கொடிச் செல்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்வதற்கு உதவுகிறது என ஆய்வக ஆய்வுகள் காட்டியுள்ளன.

தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். தொற்று ஏற்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெண்களுக்கு முதல்நிலைப் புண் கருப்பை வாயில் தோன்றினால் அதைக் காணவும் இயலாது. வலி இல்லாததால் உணரவும் இயலாது. அவ்வாறிருந்தும் சிகிச்சை பெறாத நிலையில் கருச்சிதைவு, குழந்தை வயிற்றிலேயே இறத்தல், குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த குழந்தை, பிறவி சிபிலிஸ் ஆகியவை நேரக்கூடும். அண்மையில் தொற்று ஏற்பட்டுச் சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இத்தகைய பாதிப்புகளில் ஏதேனும் ஒன்று நேரும் என்பது நெடுங்கால அனுபவம். 2022-ஆம் ஆண்டில் உலக அளவில் ஏறத்தாழ 11 இலட்சம் கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ் இருந்ததாகவும், 3.9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் பாதிப்பு நேர்ந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

பிறவி சிபிலிஸ் உள்ள குழந்தைகளில் பலர் பிறந்த வேளையில் நலமாகவே தோன்றுவர். வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மூக்கொழுகல், தோல் உரிதல், கல்லீரல் வீக்கம், கைகால் எலும்புகளில் வலி ஆகியவை தோன்றலாம். கவனிக்காமல் விடப்பட்டால் பிற்காலத்தில் பார்வைக் குறைவு, செவிட்டுத்தன்மை, பல் வடிவக் கோளாறு ஆகியவை நிலைத்துவிடும்.

இவை அனைத்தும் தடுக்கக்கூடியவை. ஓர் எளிய இரத்தப் பரிசோதனையும் உரிய காலத்தில் போடப்படும் பென்சிலின் ஊசியும் இவற்றைத் தடுத்துவிடும். சிகிச்சை பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பாவது தொடங்கப்பட வேண்டும். இதனால்தான் கர்ப்பம் உறுதியானவுடன் பதிவு செய்துகொள்ளுமாறும், முதல் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி. சோதனையுடன் சிபிலிஸ் சோதனையையும் செய்துகொள்ளுமாறும் கர்ப்பிணிகள் வலியுறுத்தப்படுகின்றனர்.

வெளியூர்களில் கட்டட வேலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு போன்ற பணிகளுக்காகத் தங்கியிருக்கும் குடும்பங்களிலும், ஜவ்வாது மலை போன்ற மலைப்பகுதிகளிலும் வாழும் கர்ப்பிணிகளுக்கு இப்பரிசோதனை தாமதமாகும் வாய்ப்பு மிகுதி. அவ்வாறு ஊர் திரும்பியவர்கள் பிரசவ நாள் நெருங்கிவிட்டதெனத் தயங்காமல், வந்த அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். தாமதமாகச் செய்யும் பரிசோதனையும் செய்யாமலிருப்பதைவிட நன்று.

இவ்வளவு பழைய நோயைப் பற்றி இவ்வளவு தாமதமாக அறிந்தது ஏன்?

பெரும்பாலான பாக்டீரியாக்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து ஆராயலாம். சிபிலிஸ் கிருமி நூறாண்டுகளுக்கும் மேலாக அதற்கு இடந்தரவில்லை. முயல்களின் உடலில் தொடர்ந்து செலுத்தியே அதனை உயிருடன் வைத்திருக்க வேண்டியிருந்தது. உலகின் பல ஆய்வகங்களில் பயன்படும் நிக்கல்ஸ் திரிபு 1912-ஆம் ஆண்டு ஒரு நோயாளியிடமிருந்து பெறப்பட்டு இவ்வாறு பேணப்பட்டதே.

2018-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டயான் எட்மண்ட்சன், ஸ்டீவன் நாரிஸ் குழுவினர் அதனைத் தொடர்ச்சியாக ஆய்வகத்தில் வளர்ப்பதில் வெற்றி கண்டனர். ஆக்சிஜன் 1.5 விழுக்காடே உள்ள சூழலில், முயலின் தோல் செல்களோடு ஒட்டி வாழும் நிலையில்தான் அது தொடர்ந்து பெருகியது. பற்றிக்கொள்ள ஒரு செல் இல்லாமல் இக்கிருமிக்கு நல்வாழ்வில்லை என்பதை இதுவும் காட்டுகிறது.

ஒட்டுப்புரதங்களைப் பற்றிய அறிவின் பயன் தடுப்பூசியில் உள்ளது. கிருமியின் பிடிகளை அடைத்துவிடும் எதிர்ப்பொருள்களை உடலில் முன்கூட்டியே உருவாக்க முடிந்தால், அது பரவ இயலாது. 2017-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், டிபி0751 புரதத்தைச் செலுத்திய முயல்களில் கிருமி பிற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்திருந்தது. எனினும், மனிதர்களுக்கான சிபிலிஸ் தடுப்பூசி இதுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. தற்போது நம்மிடம் உள்ளவை பாதுகாப்பான பழக்கம், பரிசோதனை, பென்சிலின் ஆகிய மூன்றே.

பென்சிலின் எவ்வாறு செயல்படுகிறது?

பென்சிலின், கிருமி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அது பெருகும்போது புதிய செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அழிக்கிறது. 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் மஹோனி என்பவர் சிபிலிஸ் நோயாளிகளுக்கு முதன்முதலாக இதனைக் கொடுத்து வெற்றி கண்டார். அன்றிலிருந்து இன்றுவரை சிபிலிஸ் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றதாக அறியப்படவில்லை. அசித்ரோமைசின் மருந்துக்கோ உலகின் பல பகுதிகளில் அது எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது.

ஈ. கோலை பாக்டீரியா தகுந்த சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சிபிலிஸ் கிருமி இரட்டிப்பாக ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் கிருமியை அழிக்க மருந்து பல நாட்கள் இடைவிடாமல் உடலில் இருக்க வேண்டும். எனவேதான் தசையில் தங்கி மெல்ல மெல்லக் கசியும் பென்சாத்தின் பென்சிலின் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

• தொடக்க நிலை சிபிலிஸ்: 24 இலட்சம் யூனிட், ஒரே தவணை.
• தொற்றின் காலம் அறியப்படாத அல்லது நீண்டகால மறைநிலை சிபிலிஸ்: வாரம் ஒருமுறை வீதம் 3 வாரங்கள்.
• மூளை, நரம்பு மண்டலப் பாதிப்பு: மருத்துவமனையில் தங்கி நரம்பு வழியாகப் பென்சிலின் பெற வேண்டும்.

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, கர்ப்பிணிகள் நீங்கலாக, டாக்சிசைக்ளின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பென்சிலினே குழந்தையையும் காக்கும் மருந்து. ஒவ்வாமை இருப்பின் மருத்துவமனையில் உரிய கண்காணிப்பில் சிகிச்சை அளிக்கப்படும். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஏற்படலாம். பெருமளவில் கிருமிகள் அழிவதால் உண்டாகும் இது ஒரு நாளில் தணிந்துவிடும். இதனை ஒவ்வாமை எனக் கருதிச் சிகிச்சையைக் கைவிடலாகாது. கர்ப்பிணிகள் இவ்வேளையில் வயிற்றுவலியோ குழந்தையின் அசைவில் குறைவோ உணர்ந்தால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பரிசோதனை முடிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். ஆகிய சோதனைகள் நோயின் தீவிரத்தை அளவிடுகின்றன. சிகிச்சைக்குப் பின் இவற்றின் அளவு நான்கு மடங்கு குறைந்தால், எடுத்துக்காட்டாக 1:32 என்பது 1:8 ஆனால், சிகிச்சை பலனளித்தது என்று பொருள். டி.பி.எச்.ஏ. போன்ற சோதனைகள் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை நேரடியாகக் காண்பவை. சிகிச்சை பெற்ற பின்னும் பெரும்பாலானோருக்கு இவை வாழ்நாள் முழுவதும் நேர்மறையாகவே இருக்கும். எனவே ஒரு சோதனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அச்சமோ நிம்மதியோ கொள்ளாமல், மருத்துவரிடம் விளக்கம் பெற வேண்டும். புண் தோன்றிய முதல் சில நாட்களில் இரத்தச் சோதனை எதிர்மறையாக வரலாம். அந்நிலையில் மறு சோதனை தேவை.

தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் பெருந்திரளான மக்கள் கூடும் நகரம் திருவண்ணாமலை. பொதுக் கழிப்பறை, விடுதி அறையின் படுக்கை, அன்னதானப் பந்தியின் தட்டு, குளத்து நீர் ஆகியவற்றால் இந்நோய் தொற்றுமோ என்ற ஐயம் சிலருக்கு எழுகிறது. தொற்றாது. பற்றிக்கொள்ள உயிருள்ள திசு இல்லாத இடத்தில் இக்கிருமி விரைவில் அழிந்துவிடும். சோப்பும் உலர்தலுமே அதனை அழிக்கப் போதுமானவை.

புண் ஆறிவிட்டால் பரிசோதனை தேவையில்லை என்பதும் தவறு. பரிசோதனை மிகவும் தேவைப்படுவது அப்போதுதான்.

ஒருமுறை வந்து குணமானால் மீண்டும் வராது என்பதும் தவறு. மீண்டும் தொற்று ஏற்படலாம். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் சிகிச்சை பெற்றால், மற்றவரிடமிருந்து நோய் திரும்பிவிடும். இணையரும் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றாக வேண்டும். இருவருக்கும் சிகிச்சை நிறைவடைந்து புண்கள் முழுமையாக ஆறும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். ஆணுறை, அது மூடும் பகுதியில் சிறந்த பாதுகாப்பைத் தருகிறது. மூடாத பகுதியில் புண் இருப்பின் தொற்று ஏற்படலாம்.

புண்ணின் மேல் களிம்போ சாறோ பூசினால் நோய் தீரும் என்பதும் தவறு. களிம்பு தோலின் மேல் நிற்கும். கிருமியோ இரத்தக் குழாயைக் கடந்து உள்ளே சென்றுவிட்டது.

எங்கே செல்வது?

அரசு மருத்துவமனைகளில் இயங்கும் சுகவாழ்வு மையங்களில் பால்வினை நோய்களுக்கான ஆலோசனை, பரிசோதனை, மருந்து ஆகிய அனைத்தும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் பெறலாம். கர்ப்பிணிகள் தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். திருவண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். வருபவரைப் பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். தொலைபேசி வழியாக விளக்கம் பெற 104, 1097 ஆகிய கட்டணமில்லா எண்களைத் தொடர்பு கொள்ளலாம்.

சிபிலிஸ் கிருமியின் நெருங்கிய உறவான மற்றொரு டிரெப்போனிமா, யாஸ் என்னும் தோல் நோயை உண்டாக்கியது. நாட்டின் மலைவாழ் மக்களைப் பெரிதும் வருத்திய அந்நோயை, வீடு வீடாகத் தேடிச் சென்று கண்டறிந்து, இதே பென்சிலின் ஊசியைக் கொண்டு இந்தியா ஒழித்தது. 2016-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை யாஸ் அற்ற நாடாக அறிவித்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் சிபிலிஸையும் அவ்வாறே ஒழிக்க இயலும். அதற்கான மருந்தும் சோதனையும் நம்மிடம் உள்ளன. தடையாக நிற்பது கூச்சமும் தாமதமும் மட்டுமே.

ஆகவே வலியற்ற புண், உள்ளங்கைத் தடிப்பு, இணையருக்கு நோய் உறுதியாதல் ஆகியவற்றில் எது நேர்ந்திருப்பினும், அது இன்று மறைந்துவிட்டிருப்பினும், ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.